விழித்திருக்கிறார்

குளிர்ப்பெட்டி வாசல் நிலையில் இடித்து நின்றுவிட்டது. உள்ளேயிருந்து இரண்டு பேர் இழுத்தார்கள், வெளியேயிருந்து இரண்டு பேர் தள்ளினார்கள். குணசீலன் நடுவில் மாட்டிக்கொண்டு, "கொஞ்சம் சாய்ங்க. அந்தப் பக்கமில்லீங்க, இந்தப் பக்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். தீவன லாரி பின்னால் வரும்போது சொல்கிற அதே குரலில் சொல்கிறோம் என்று சொல்லும்போதே தோன்றியது. கூடத்தில் சுவரோரம் போட்ட பெஞ்சின் மேல், கால் கட்டைவிரல்கள் சேர்த்துக் கட்டப்பட்டு, அவனுடைய அப்பா சின்னுசாமி கிடந்தார். விடியற்காலை நாலு நாற்பதுக்கு உயிர் போயிருந்தது. எண்பத்தோரு வயது. இடுப்பு ஒடிந்து படுத்து எட்டு மாதம். இதயமும் பலவீனம். எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று டாக்டர் சொல்லித்தான் இருந்தார்.

பெட்டி ஒருவழியாக உள்ளே வந்ததும் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். இளவழகன். இரவில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள நாமக்கல் ஏஜென்சி ஒன்று அனுப்பிய ஆள். முப்பது வயது இருக்கும். முகம் கழுவி, தலை சீவி, பையைத் தோளில் மாட்டியிருந்தான்.

"சார், எட்டு மணி ஆயிருச்சுங்க. டூட்டி முடியுதுங்க. நோட்டுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா நா கெளம்பீருவேன்."

அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பெரியம்மா பெருமாயி நிமிர்ந்து பார்த்தாள். "இந்நேரத்துல கையெழுத்தா" என்று முணுமுணுத்தாள். குணசீலனுக்குக் கோபம் வரவில்லை. காலை எட்டு மணிக்குக் கையெழுத்து வாங்காமல் யாரும் போகக்கூடாது என்று சொன்னவனே அவன்தான்.

நோட்டை வாங்கிக்கொண்டு பேனா தேடுகிற சாக்கில் வெளியே வந்தான். தீவனக் கிடங்கின் நிழலில் மக்காச்சோள மூட்டைகள் கிடந்தன. ஒன்றின் மேல் உட்கார்ந்து பக்கத்தைப் புரட்டினான். இரவு எட்டு முதல் காலை எட்டு வரை, மணிக்கு ஒரு வரி. ஒரு ராத்திரிக்கு ஒரு பக்கம். பதினோரு நாளாகத் தினமும் காலையில் இதில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். வரிகள் விட்டுப்போகாமல் இருக்கின்றனவா என்று மட்டும் பார்ப்பான். ஒரு வரி காலியாக இருந்தால் அந்த ஒரு மணி நேரம் ஆள் தூங்கிவிட்டான் என்று அர்த்தம். ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை. வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று அவன் படித்ததில்லை.

இன்று படித்தான்.

'11 மணி – விழித்திருக்கிறார். 12 மணி – விழித்திருக்கிறார், துணி மாற்றினேன். 1 மணி – விழித்திருக்கிறார். 2 மணி – விழித்திருக்கிறார்.' முந்தைய பக்கத்திலும் அதுதான். அதற்கு முந்தைய பக்கத்திலும் அதுதான். எட்டாம் நாள் இரவு மூன்று மணிக்கு மட்டும் 'கண் மூடியிருந்தார்' என்று இருந்தது. நாலு மணிக்கு மறுபடியும் 'விழித்திருக்கிறார்'. பள்ளிக்கூடத்துப் பையன் எழுதியதுபோல் சீரான, அழகான கையெழுத்து.

கடைசிப் பக்கத்துக்கு வந்தான். '3 மணி – விழித்திருக்கிறார். குணா தூங்குகிறானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். 4 மணி – விழித்திருக்கிறார். 4.30 – தண்ணீர் கேட்டார். இரண்டு ஸ்பூன் கொடுத்தேன். 4.40 – மூச்சு இல்லை. சாரை எழுப்பினேன்.' அதற்குக் கீழும் ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று மணிகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கோடு இழுத்திருந்தான்.

"ஏப்பா, அப்பா தூங்கவே இல்லியா?" என்று, பின்னாலேயே வந்து நின்ற இளவழகனைக் கேட்டான்.

"பகல்ல தூங்கிக்குவாருன்னு நெனச்சனுங்க சார். தூக்கம் வரலீங்களான்னு கேட்டா ஒண்ணும் சொல்லமாட்டாரு. லைட்ட அணைக்கட்டுங்களான்னு ஒரு நாள் கேட்டேன். 'உம்'னாரு. ஆனா லைட்டு எரியோணும், சேர்ல உக்காந்து அவரையே பாத்துக்கிட்டு இருக்கோணும்னு நீங்க சொல்லியிருந்தீங்க." குறை சொல்கிற குரல் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிற குரல்தான்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"எழுதியிருந்தனுங்களே சார்."

குணசீலன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். இளவழகன் அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல், ஏஜென்சிக்காகக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தான். பிறகு கூடத்துக்குள் போய், பெட்டிக்கு முன்னால் கைகூப்பி ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தான்.

குணசீலனுக்குப் பண்ணையில் நாற்பதாயிரம் கோழி. புதுச்சத்திரத்துக்கு மேற்கே இந்த மேட்டாங்காட்டில் முதல் கொட்டகை போட்டது அப்பா. அதைப் பெருக்கியது இவன். வாங்கி வந்த குஞ்சுகளை முதல் மூன்று வாரம் பல்பு வெளிச்சத்தில் சூடாக வைத்திருக்க வேண்டும். கரண்டு போய் சூடு குறைந்தால் மூலையில் ஒன்றன் மேல் ஒன்று ஏறி, அடியில் கிடப்பவை மூச்சு முட்டிச் செத்துப்போகும். ஆறு வருஷத்துக்கு முன்னால் காவலுக்குப் போட்ட ஆள் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்தான். விடியும்போது நாலாயிரம் குஞ்சுகளை அள்ளிக் குழியில் கொட்டினார்கள். அன்றிலிருந்து ராத்திரிக் காவல் என்றால் குணசீலனுக்கு ஒன்றுதான். தூங்கக்கூடாது. கண்ணை எடுக்கக்கூடாது.

அப்பாவுக்கு ஆள் போட்டபோதும் அதையேதான் சொன்னான். இளவழகனுக்கு முன்னால் ஏழு மாதம் இருந்தவர் மாரியப்பன். மல்லசமுத்திரத்துக்காரர், ஐம்பத்திரண்டு வயது. ஆஸ்பத்திரி வார்டில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு வீடுகளுக்கு வந்தவர். முதல் நாளே குணசீலன் எல்லாவற்றையும் சொன்னான். தூங்கக்கூடாது. போன் பார்க்கக்கூடாது. கட்டிலில் உட்காரக்கூடாது. அவசரம் என்றாலொழிய வீட்டில் யாரையும் எழுப்பக்கூடாது. டீ பிளாஸ்கில் இருக்கும். தனி டம்ளர் ஜன்னல் மேட்டில் இருக்கும், கழுவிக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். மாரியப்பன் எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றார். "ஐயா எப்படித் தூங்குவாருங்க, மல்லாக்கவா, ஒருக்களிச்சா?" என்று ஒன்றே ஒன்று திருப்பிக் கேட்டார். குணசீலனுக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால், புதுக் குஞ்சுகள் வந்திருந்த சமயம், ராத்திரி மூன்று மணிக்குக் கொட்டகையைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தான். அப்பா அறையில் விளக்கு அணைந்திருந்தது. கதவைத் தள்ளினான். கூடத்து வெளிச்சம் உள்ளே விழுந்தது. கட்டிலுக்குக் கீழே, தரையில் பாயைப் போட்டு மாரியப்பன் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மணிக்கட்டிலிருந்து ஒரு துண்டுக் கிழிசல் மேலே போய், அப்பாவின் இடது மணிக்கட்டில் முடிந்திருந்தது.

மாட்டைக் கட்டுவதுபோல அப்பாவைக் கட்டிப் போட்டுவிட்டுத் தூங்குகிறான் என்றுதான் குணசீலனுக்குப் பட்டது.

"எந்திரி. எந்திரி மேல."

மாரியப்பன் உடனே எழுந்துவிட்டார். முடிச்சைத் தன் கையில்தான் முதலில் அவிழ்த்தார். "ஐயா தூங்குறாருங்க. வெளிய போய்ப் பேசலாமுங்க" என்றார். அந்த அமைதிதான் குணசீலனின் ஆத்திரத்தைக் கிளப்பியது. வெளியே கூட்டிவந்து என்னென்னவோ பேசினான். மாரியப்பன் தலை குனிந்து நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தவரைச் சொல்ல விடவில்லை. முதல் பஸ் ஐந்தே காலுக்குத்தான். அதுவரை கேட்டுக்குப் பக்கத்தில், எடைமேடையின் திண்டில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். விடிந்ததும் குணசீலன் ஏஜென்சிக்குப் போன் செய்து ஆளை மாற்றச் சொன்னான். தூங்குகிற ஆள் என்று காரணமும் சொன்னான்.

அப்பா அன்று வாயை மென்றபடி அறையைச் சுற்றிலும் பார்த்தார். "அவன வரச் சொல்லு" என்றார். எதையும் ஒரு தடவைதான் கேட்கிற மனிதர் அவர். நிலம் கேட்டபோதும் சரி, பெண் கேட்டபோதும் சரி, இரண்டாம் தடவை கேட்டதில்லை என்று ஊரில் சொல்வார்கள்.

"தூங்கறதுக்கு ஆள் போடறதாப்பா?" என்றான் குணசீலன்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஒரு வாரம் கழித்து, மாத்திரை கொடுக்கும்போது, அப்பா இன்னொன்று சொன்னார். "அந்தப் பையன் எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறான். எப்பச் சாவேன்னு காத்திருக்கற மாதிரி இருக்குது."

"அதுக்குத்தானப்பா அவன் வாரான்" என்று சொன்னான். பார்த்துக்கொள்ளத்தான் வருகிறான் என்கிற அர்த்தத்தில். மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த இப்போதுதான் அந்த வார்த்தைகள் அப்பாவின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று தோன்றியது.

பத்து மணிக்கு மேல் சனம் சேர ஆரம்பித்தது. சாமியானா போட்டார்கள். கோயம்புத்தூரிலிருந்து அண்ணன் தனபால் குடும்பத்தோடு வந்து இறங்கினான். பெட்டியின் கண்ணாடியில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"நானெல்லாம் பேருக்குத்தான் மூத்தவன். நீதாண்டா பாத்துக்கிட்ட."

எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். ராத்திரிக்கென்று தனி ஆள் போட்டிருந்தானாம், மணிக்கு மணி எழுதி வைக்கச் சொன்னானாம், ஆஸ்பத்திரியில்கூட அப்படிப் பார்க்கமாட்டார்கள் என்று தாய்மாமன் மாதையன் வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துச் சொன்னார். யாரோ அந்த நோட்டையும் வாங்கிப் பார்த்தார்கள். புரட்டிவிட்டு, "அடேயப்பா, ஒரு மணி விட்டுப்போகலியே" என்றார்கள். குணசீலன் நோட்டைத் திரும்ப வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டான். அது வேர்வையில் நனைந்து வயிற்றில் ஒட்டியது.

முகம் கழுவலாம் என்று தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனபோதுதான் மாரியப்பனைப் பார்த்தான். சட்டைக் கையை மடித்துவிட்டு, தொட்டியிலிருந்து குடங்களில் தண்ணீர் பிடித்து, பந்தலுக்கு எடுத்துப் போகிற பண்ணை ஆட்களிடம் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். யாரும் சொல்லிச் செய்கிற மாதிரி தெரியவில்லை. கண்கள் சிவந்து வீங்கியிருந்தன.

"எப்ப வந்தீங்க?"

"ஒம்பதரைக்கு வந்தனுங்க சார். டூட்டி முடிச்சுட்டு அப்படியே பஸ் ஏறிட்டேன். இப்ப சேலத்துல, கொண்டப்பநாயக்கன்பட்டியில ஒரு ஊட்டுல பாக்கறனுங்க."

"யாரு சொன்னாங்க?"

"அம்மிணிதானுங்க. அஞ்சு மணிக்கு போன் பண்ணுனாங்க."

சௌந்தர்யா. குணசீலனின் மனைவி. ஐந்து மணிக்கு அவன் அண்ணனுக்கும் மாமனுக்கும் போன் செய்துகொண்டிருந்தான். அவள் யாருக்குப் பேசினாள் என்று அவன் கவனிக்கவில்லை.

குடம் நிரம்பி வழிந்தது. மாரியப்பன் குனிந்து குழாயை மூடினார். "அப்பா பதினோரு நாளும் தூங்கலீங்க" என்றான் குணசீலன்.

மாரியப்பன் அவனைப் பார்க்காமல் குடத்தின் வாயைத் துடைத்தார். "மொத மாசம் எங்கிட்டயும் தூங்கலீங்க" என்றார். "நானும் சேர்லதானுங்க உக்காந்திருந்தேன். நீங்க சொன்ன மாதிரியே. ஐயா கண்ணத் தொறந்துக்கிட்டே கெடப்பாரு. ஒரு நாளு சொன்னாரு. 'மாரியப்பா, எனக்காக ஒருத்தன் தூங்காம உக்காந்திருக்கறான்னா எனக்கு எப்படித் தூக்கம் வரும்? ஆளுகள வெச்சு வேல வாங்குனவன்தான் நானு. ஆனா அவுங்க படுத்த பொறகுதான் படுப்பேன். நீயும் படு.' நா மாட்டேன்னுட்டனுங்க. கூப்பிட்டா எனக்குக் கேக்காதுங்களே, உங்களுக்குச் சத்தமே வரமாட்டேங்குதேன்னேன். ரெண்டு நாளு யோசிச்சாரு. அப்பறம் அவரேதான் துண்டக் கிழிச்சுக் கட்டலாம்னாரு. வேணும்னா இழுப்பேன்னாரு."

"இழுத்தாருங்களா?"

"இழுப்பாருங்க. தண்ணிக்கு ஒருக்கா, ஒண்ணுக்குப் போகோணும்னா ஒருக்கா. நா கொறட்ட விட்டாலும் இழுப்பாரு." மாரியப்பனின் முகம் லேசாக மாறியது, மறுபடி பழையபடி ஆனது. "ஒரு பொய் சொல்லக்கூடாதுங்க சார். ஒரு நாளு நா அசந்துட்டேன். ரெண்டு மூணு தடவ இழுத்திருக்கறாரு, எனக்குத் தெரியல. துணி நனஞ்சிருச்சு. விடியறதுக்குள்ள அலசிப் போட்டேன். ஐயா உங்ககிட்டச் சொல்லல. நானும் சொல்லல. அதனால நீங்க அன்னைக்குப் பேசுனதுல ஒண்ணும் தப்பில்லீங்க."

"அன்னைக்கு இத ஏன் சொல்லல நீங்க?"

"சொன்னா, தூங்கறதுக்குச் சாக்குச் சொல்றான்னு ஆகுமுங்க. பதினெட்டு வருசமா இதக் கேட்டுட்டுத்தான இருக்கறேன். ஐயாவும் சொல்ல வேண்டாம்னிருந்தாரு. மவங்கிட்டப் போயி தூக்கம் வரலைன்னு சொல்றதுக்கு அவருக்கு ஒரு மாதிரி இருந்துதுங்க."

பந்தலில் யாரோ குணசீலனைக் கூப்பிட்டார்கள். அவன் போகாமல் இன்னும் கொஞ்சம் நின்றான். அன்று ராத்திரி அப்பா வாயைத் திறந்து, சீரான குறட்டையோடு, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அதை அவன் பார்த்திருந்தான். பார்த்தது இப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

மதியம் ஒரு மணிக்கு எடுப்பதாக ஏற்பாடு. அப்பாவைக் குளிப்பாட்டி, புது வேட்டி சுற்றி, நெற்றியில் திருநீறு பூசிப் பந்தலில் வைத்தார்கள். சொந்தபந்தம் வரிசையாக வந்து வாய்க்கரிசி போட்டது. பெண்கள் போட்டார்கள், பங்காளிகள் போட்டார்கள், சம்பந்திகள் போட்டார்கள். குணசீலன் தன் முறைக்குப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான். பந்தலுக்கு வெளியே, வெயிலில், பண்ணை ஆட்களோடு மாரியப்பன் நின்றுகொண்டிருந்தார். மடித்திருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டிருந்தார்.

"இன்னும் யாராச்சும் இருக்கீங்களா?" என்று மாதையன் மாமா கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

ஒரு பெயர்தான் சொல்ல வேண்டியிருந்தது. குணசீலனின் வாய் திறந்தது. மாமாவின் முகத்தைப் பார்த்தான், வரிசையில் நின்ற பங்காளிகளைப் பார்த்தான். அந்தப் பக்கம் மாரியப்பன், தன்னைக் கூப்பிடுவார்கள் என்ற எண்ணமே இல்லாதவராய், வண்டி திரும்புவதற்காக வழியில் கிடந்த ஒரு நாற்காலியை நகர்த்திக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதான்னா மூடுங்கப்பா. நேரமாகுது" என்றார் மாமா.

மூடினார்கள். பெண்கள் குரலெடுத்து அழுதார்கள். அண்ணன் தனபால் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடக்க, ஊர்தி புறப்பட்டது.

நாமக்கல்லில் எரியூட்டிவிட்டு, குளித்து, ஈர வேட்டியோடு வீடு திரும்பியபோது மூன்றரை. வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். அப்பாவின் அறையில் சௌந்தர்யா ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். கட்டில் காலியாக இருந்தது. குணசீலன் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். இளவழகன் உட்கார்ந்திருந்த நாற்காலி. அதிலிருந்து பார்த்தால் தலையணை நேர் எதிரே, மூன்று அடி தூரத்தில் இருந்தது. தலைக்கு மேலே டியூப்லைட். உடனே எழுந்துவிட்டான்.

"மாரியப்பன் கட்டிக்கிட்டுப் படுத்தது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றாள் அவள். "துண்டு நாந்தான் குடுத்தேன்."

"எங்கிட்டச் சொல்லல."

"அன்னைக்குக் காலைல சொல்ல வந்தனுங்க. இதுல நீ பேசாதன்னீங்க." அவள் குரலில் சூடில்லை. அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. "நானும் அதோட விட்டுட்டேன். இன்னொருக்காச் சொல்லியிருக்கோணும். அவரு போன பொறகு மாமா ரெண்டு நாளா, துண்டு கட்டியிருந்த மணிக்கட்டையே தடவித் தடவிப் பாத்தாரு தெரியுங்களா..." என்று ஆரம்பித்தவள் முடிக்காமல் தலையணை உறையைக் கழற்ற ஆரம்பித்தாள்.

அவன் வெளியே வந்தான். மாரியப்பன் கேட்டைத் தாண்டி ரோட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். ஏழு மணிக்குக் கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருக்க வேண்டும். இரண்டு பஸ் மாற வேண்டும். குணசீலன் கார்ச் சாவியை எடுத்தான்.

"எங்கடா கெளம்பற, இன்னைக்கு?" என்றார் மாதையன் மாமா.

"வந்தர்றேன் மாமா."

ரோட்டில் அவர் பக்கத்தில் காரை நிறுத்தி, "ஏறுங்க" என்றான். மாரியப்பன் வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு பின் கதவைத் திறக்கப் போனார். குணசீலன் சாய்ந்து முன் கதவைத் தள்ளித் திறந்துவிட்டான்.

ஆண்டகளூர்கேட் வந்தது. நாமக்கல்லிலிருந்து முட்டை ஏற்றிய லாரிகள் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தன.

"அந்த ஊட்டுல எப்படிங்க? ராத்திரி படுக்க உடறாங்களா?" என்று கேட்டான் குணசீலன்.

"இல்லீங்க. சேர் போட்டிருக்கறாங்க. நல்ல சேர்தானுங்க, கை வெச்சது." மாரியப்பன் பையை மடிக்கு எடுத்துக்கொண்டார். "கேமராவும் இருக்குதுங்க. அவுங்க மகன் வெளிநாட்டுல இருந்து பாப்பாருங்களாம்."

"ஏஜென்சில என்ன சொன்னாங்க, உங்கள மாத்துனப்ப?"

"ஒரு வாரம் வேல குடுக்கலீங்க. அப்பறம் குடுத்துட்டாங்க. அதுக்கென்னங்க."

"நா இன்னைக்கே பேசறேன் அவுங்ககிட்ட."

"பேசுங்க சார்" என்றார் மாரியப்பன். அதற்கு மேல் அதில் ஆர்வம் காட்டவில்லை. வெளியே பார்த்தபடி, "ஐயா ஒருக்களிச்சுத்தானுங்க தூங்குவாரு" என்றார். "எடது பக்கமா. மல்லாக்கப் படுக்க வெச்சா அவருக்கு மூச்சு ஏங்கும்." மல்லாக்கப் படுக்க வைத்து விளக்கைப் போட்டால்தான் முகம் தெரியும் என்று இளவழகனுக்குச் சொன்னது குணசீலன்தான்.

மல்லூர் நெருங்கும்போது பக்கத்தில் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தான். மாரியப்பன் தூங்கியிருந்தார். பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி, தலை கண்ணாடியில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது. குணசீலன் ரேடியோவின் முணுமுணுப்பை அணைத்தான். முன்னால் போன முட்டை லாரியை முந்த இடம் கிடைத்தும் முந்தவில்லை. வேகத்தடைகளில் கிட்டத்தட்ட நிறுத்தி நிறுத்தி ஏற்றி இறக்கினான். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். கையை வெளியே நீட்டி அவர்களைப் போகச் சொன்னான்.

அஸ்தம்பட்டியும் கோரிமேடும் தாண்டி, மலை எதிரே வந்து நின்றபோது மணி ஆறு. மாரியப்பன் முன்பே சொல்லியிருந்த அடையாளம்: மருந்துக் கடைக்கு எதிர்ச் சந்து, பச்சைக் கேட்டு. கேட்டுக்குப் பத்தடி முன்னால், ஒரு புங்க மரத்தடியில் காரை நிறுத்தி இஞ்சினை அணைத்தான். பின் கண்ணாடிகளை இறக்கினான். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிகள் கியர் மாற்றுகிற சத்தம் தூரத்தில் கேட்டது. மாரியப்பன் அசையவில்லை.

குணசீலன் மெதுவாக இறங்கி, கதவைச் சாத்தாமல் ஒட்டினாற்போல் வைத்தான்.

அரை மணி நேரம் கழித்துப் பச்சைக் கேட்டுத் திறந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். நாற்பது வயதிருக்கும். காரைப் பார்த்தாள், அதற்குள் தெரிந்த தலையைப் பார்த்தாள், வெளியே நின்ற இவனைப் பார்த்தாள். மழிக்காத முகமும் ஈரம் காய்ந்து கசங்கிய வேட்டியுமாக இருந்த இவன் யாரென்று அவளுக்குப் புரிந்திருக்காது.

"மாரியப்பன்தானே அது? வந்துட்டா உள்ள வரலாமில்ல? எங்கம்மா தனியா இருக்கறாங்க, நான் கெளம்பணும்."

"ஏழு மணிக்குத்தானுங்களே டூட்டி" என்றான் குணசீலன். "இன்னும் அரை மணி நேரம் இருக்குதுங்க."

அவன் பேசியது சன்னமாக இருந்ததால் அவளும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சரி, ஏழுக்கு அனுப்பிருங்க" என்று சொல்லிவிட்டு, கேட்டைத் திறந்தே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மேற்கே கட்டடங்களுக்கு நடுவில் இருந்த இடைவெளிக்குச் சூரியன் இறங்கி வந்துவிட்டது. வெயில் புங்க மரத்துக்கு அடியில் நுழைந்து, ஜன்னல் வழியாக மாரியப்பனின் கண்களின் மேல் விழுந்தது. இமைகள் சுருங்கின. குணசீலன் இரண்டு எட்டு நகர்ந்து, அந்த வெளிச்சத்துக்கு முதுகைக் கொடுத்து, ஜன்னலை அடைத்தாற்போல் நின்றுகொண்டான்.